கடற்கரைக் கல்லூரியின் இளம் சாஃப்ட்பால் அணி: பருவத் தொடக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள எங்கள் கல்லூரியின் மகளிர் சாஃப்ட்பால் அணி இவ்வாண்டு பெரும்பாலும் புதுமுகங்களோடு களமிறங்குகிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ள கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளுக்கு முன்னதாக, மாணவியரும் பெற்றோரும் அணியில் முன்பு ஆடியவர்களும் கேட்டுவரும் கேள்விகளுக்குப் பயிற்சிப் பொறுப்பில் இருக்கும் நாங்கள் இங்கே விடை தருகிறோம்.

இந்தப் பருவத்தில் அணி எத்தனை ஆட்டங்களில் வெல்லும்?

எண்ணிக்கை சொல்ல முடியாது. தொடக்க ஆட்டங்களில் தோல்விகளே மிகுதியாக இருக்கும் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடலாம். எதிரே நிற்கப்போகும் அணிகளில் பல, இரண்டு மூன்று ஆண்டுகள் ஒன்றாகவே ஆடிப் பழகியவை. நம் மாணவியரில் பெரும்பாலோர் இந்தக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் சாஃப்ட்பால் கிளவ்வை முதன்முதலாகக் கையில் மாட்டினார்கள். இந்த நிலையில் வெற்றி தோல்விப் பட்டியலைப் பார்த்து அணியை எடைபோட்டால் நியாயமான விடை கிடைக்காது. ஆகவே பருவத் தொடக்கம் முழுவதும் ஒரே ஒரு கணக்கைத்தான் நாங்கள் பார்க்கப்போகிறோம்: எதிரணியினர் அடித்துச் சம்பாதிக்காமல் நாம் சும்மா கொடுத்த பேஸ்கள் (மட்டை பிடித்தவர் ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய நிலைகள்) எத்தனை என்பதே அது. இந்த எண் ஆட்டத்துக்கு ஆட்டம் இறங்கினால் அணி தேறிவருகிறது என்று பொருள். இறங்காவிட்டால், இடையில் ஓர் ஆட்டத்தில் வென்றாலும் அந்த வெற்றியை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

சும்மா கொடுத்த பேஸ் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு காட்சியைச் சொன்னால் எளிதில் விளங்கும். பந்து வீசுபவரான பிட்சர் வீசிய நான்கு பந்துகள், பேட்டர் அடிக்கத்தக்க ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போகின்றன. பேட்டர் மட்டையைத் தோளிலிருந்து எடுக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போகிறார். அடுத்த பந்து பிட்சரின் கையை விட்டதும் அவர் இரண்டாம் பேஸை நோக்கி ஓடுகிறார். பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் பதற்றத்தில் எறிந்த பந்து, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட் ஸ்டாப்பின் தலைக்கு மேலே பறக்கிறது. ஓடியவர் எழுந்து மூன்றாம் பேஸுக்கும் போய்விடுகிறார். அதற்கடுத்த பந்து, பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டுக்கு முன்னால் மண்ணில் குத்தி கேட்சரின் கால்களுக்கிடையே நழுவுகிறது, ரன் விழுகிறது. மட்டையில் பந்து ஒருமுறைகூடப் படவில்லை. ஆனாலும் எதிரணிக்கு ஒரு ரன் வந்துவிட்டது.

இவற்றோடு, பேட்டரின் உடம்பில் படும் பந்து, கைக்கு வந்து நழுவிய கேட்ச், மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் பிடிக்காமல் விடுவது ஆகியவற்றையும் இதே கணக்கில் சேர்க்கிறோம். பேட்டர் தவறவிடும் நல்ல பந்து ஸ்ட்ரைக்; மூன்று விழுந்தால் அவர் அவுட். ஆனால் முதல் பேஸ் காலியாக இருந்தாலோ, இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ, மூன்றாவது ஸ்ட்ரைக் கேட்சரின் கையில் தங்காதபோது பேட்டர் ஓடலாம் என்பது விதி. புதிய அணிகள் இதை மறந்து, அவுட் ஆகிவிட்டது என்று திரும்பி நடக்கத் தொடங்கிவிடும். ஸ்கோர் புத்தகத்தில் இப்படிக் கொடுத்த ஒவ்வொரு பேஸுக்கும் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைக்கிறோம். ஆட்டம் முடிந்ததும் மாணவியர் முதலில் பார்ப்பது மொத்த ரன்களை அல்ல, அந்தச் சிவப்புப் புள்ளிகளைத்தான்.

இளம் அணி என்றால் எவ்வளவு இளையது?

வயதைவிட, போனவர்கள் எந்த இடத்தில் ஆடினார்கள் என்பதே முக்கியம். சாஃப்ட்பாலில் கேட்சர், பிட்சர், ஷார்ட் ஸ்டாப், இரண்டாம் பேஸ், பேஸ்களுக்கு அப்பால் நடுவில் உள்ள சென்டர் ஃபீல்டு ஆகிய நடுவரிசைதான் அணியைத் தாங்கும். சென்ற கல்வியாண்டோடு படிப்பை முடித்துச் சென்றவர்களில் பிட்சரும் கேட்சரும் ஷார்ட் ஸ்டாப்பும் அடக்கம். எஞ்சியிருக்கும் மூத்தவர்களில் ஒருவர் சென்டர் ஃபீல்டிலும், இன்னொருவர் முதல் பேஸிலும் ஆடுகிறார்கள். மற்ற இடங்களில் எல்லாம் முதலாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும்தான்.

பள்ளியில் சாஃப்ட்பால் ஆடாதவர்களை வைத்து அணி கட்ட முடியுமா?

முடியும். இந்தக் கரையில் வேறு வழியும் இல்லை. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, சாயல்குடிப் பக்கங்களிலிருந்து வரும் மாணவியர் பள்ளியில் ஆடியவை பெரும்பாலும் கோ-கோ, கபடி, எறிபந்து, சிலர் மட்டும் கிரிக்கெட். ஒவ்வோர் ஆட்டமும் ஒரு நல்ல பழக்கத்தையும் ஒரு கெட்ட பழக்கத்தையும் சேர்த்தே கொடுத்து அனுப்புகிறது என்பது எங்கள் அனுபவம்.

கோ-கோ ஆடியவர் பேஸ் ஓடுவதில் முதல் நாளிலேயே கவனத்தை ஈர்த்துவிடுவார். உடம்பைத் தாழ்த்தி ஓடவும், சட்டென்று நிற்கவும், தரையில் விழுந்து சறுக்கவும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தொட வருபவரிடமிருந்து விலகி வளைந்து ஓடுவது அவருக்கு ஊறிப்போன குணம். சாஃப்ட்பாலில் பந்தோடு தொட வருபவரைத் தவிர்க்க, ஓடும் வழியிலிருந்து 3 அடிக்கு மேல் விலகினாலே அவுட். அழகாகத் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பேஸில் நிற்கும் மாணவியிடம் நடுவர் அவுட் என்று கைகாட்டும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

கபடி ஆடியவருக்கு விழுவதிலும் மோதுவதிலும் அச்சம் இல்லை; மூன்றாம் பேஸுக்கும் கேட்சர் இடத்துக்கும் இப்படிப்பட்டவரே தேவை. அவரிடம் மாற்ற வேண்டியது, ஓடிவருபவரை மறித்து நிற்கும் பழக்கம். கையில் பந்து இல்லாமல் ஓட்டக்காரரின் வழியை அடைத்தால் அது தடை என்று அறிவிக்கப்பட்டு, நடுவர் பேஸை அவருக்கே கொடுத்துவிடுவார். சிவப்புப் புள்ளிகளில் இந்த வகையும் நம் கணக்கில் தாராளமாகச் சேர்கிறது.

எறிபந்து ஆடியவர் இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்து உடனே தோளுக்கு மேலிருந்து எறிந்து பழகியவர் என்பதால் இரண்டாம் பேஸுக்கும் ஷார்ட் ஸ்டாப்புக்கும் விரைவில் பொருந்திவிடுகிறார். கிரிக்கெட்டிலிருந்து வருபவர்தான் அதிகம் தடுமாறுகிறார், இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. அடித்த பிறகு மட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடுவார். நல்ல பந்தைத் தட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பார். பந்தைப் பேஸில் நிற்பவரின் கிளவ்வுக்கு எறியாமல் பேஸின்மீதே எறிவார். சாஃப்ட்பாலில் எல்லைக்குள் பந்தை அடித்தால் ஓடியே ஆக வேண்டும். நின்று ஆடுவது என்பது கிடையாது.

பிட்சர் இடத்தில் யார்? வேகம் உண்டா?

முதலாம் ஆண்டு மாணவி ஒருவரும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரும் மாறி மாறி வீசுவார்கள். இருவரிடமும் பெரிய வேகம் இல்லை. அது பற்றி இப்போதைக்கு எங்களுக்குக் கவலையும் இல்லை. மகளிர் ஆட்டத்தில் பிட்சரின் பலகைக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 13.11 மீட்டர்தான் தூரம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துகூட அந்தத் தூரத்தை அரை விநாடியைச் சற்றே தாண்டிய நேரத்தில் கடந்துவிடும். கல்லூரி அளவில் பேட்டரைத் திணறச் செய்ய, பந்து சொன்ன இடத்தில் விழுந்தாலே பெரும்பாலும் போதும். ஆகையால் இருவருக்கும் பருவத் தொடக்கத்தில் வைத்திருக்கும் கட்டளை ஒன்றுதான்: முதல் பந்தை ஸ்ட்ரைக் ஆக்க வேண்டும். பேட்டர் அடித்தாலும் பரவாயில்லை, துணைக்கு எட்டுப் பேர் நிற்கிறார்கள். நான்கு பந்து வெளியே போனால் அந்த எட்டுப் பேரும் வெறுமனே வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கையைக் கீழிருந்து சுழற்றி வீசுவதால் தோளுக்குச் சுமையே இல்லை என்று பெற்றோர் சிலரும், விவரம் தெரிந்தவர்கள் சிலரும்கூட நினைக்கிறார்கள். அது சரியன்று. முழு வட்டம் சுழலும் அந்த வீச்சில் தோளும் முழங்கையும் கடுமையாகவே இழுபடுகின்றன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டே நாள்களில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசித் தங்கம் வாங்கித் தந்தார். பின்னர் டோக்கியோவில் 39 வயதிலும் தங்கம் வென்றார். அவருடைய உடம்பும் பல்லாண்டுப் பயிற்சியும் வேறு. நம் மாணவியர் ஒருநாள் ஆட்டத்தில் வீசினால் மறுநாள் வீச மாட்டார்கள். எதிரணி பலமானது, இன்று மட்டும் அவரே வீசட்டும் என்று யார் வந்து கேட்டாலும் இதில் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

கேட்சர்?

இதுதான் அணியின் பலவீனமான இடம். கபடி ஆடிவந்த முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். தரையில் குத்திவரும் பந்தைக் கையால் பிடிக்கப் போகாமல், முழங்காலை ஊன்றி மார்புக் கவசத்தால் முன்னால் தடுத்து விழச்செய்வது இன்னும் அவருக்குப் பழக்கமாகவில்லை. அது பழகும்வரை எதிரணிகள் பந்தை அடிக்காமலேயே ஓடி இரண்டாம் பேஸைத் திருடிக்கொண்டேதான் இருக்கும்.

நமக்கு ரன் எங்கிருந்து வரும்?

கால்களிலிருந்து வரும். பந்தை வெளிக்களத்துக்கு அப்பால் தூக்கி அடிக்கும் ஆற்றல் உள்ளவர் இப்போதைக்கு அணியில் இல்லை. பேஸ்களுக்கு இடையே 18.29 மீட்டர் தூரம். நன்றாக ஓடுபவர் அடித்த இடத்திலிருந்து முதல் பேஸுக்கு மூன்று விநாடி சொச்சத்தில் போய்விடுவார். அதற்குள் எதிரணியில் ஒருவர் முன்னே ஓடிவந்து பந்தை எடுத்து, திரும்பி, குறி தவறாமல் எறிய வேண்டும். மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டி முன்னால் போடும் பன்ட் என்ற அடியை நம்பியே தொடக்க ஆட்டங்களை ஆடப்போகிறோம். எதிரணியும் இளைய அணியாக இருந்தால் நாம் கொடுப்பதைப் போலவே அவர்களும் சும்மா பேஸ் கொடுப்பார்கள். அவசரப்பட்டு வெளியே போகும் பந்தைத் துரத்தி அடிக்காமல் அதை வாங்கிக்கொள்ளும் பொறுமை நமக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முதல் ஸ்ட்ரைக் விழுந்ததுமே நம் மாணவியர் பதறிப்போகிறார்கள். இது பயிற்சியில் காட்டித் திருத்தக்கூடிய குறையன்று, ஆட்டம் ஆடித்தான் போகும்.

காற்றும் மணலும் ஆட்டத்தை எந்த அளவுக்கு மாற்றுகின்றன?

வெளியூர் அணிகள் இங்கே வந்தால் முதலில் புரியாமல் நிற்பது இதில்தான். ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறோம். பிற்பகல் வெயில் பேட்டரின் கண்ணில் விழாமல் இருப்பதற்காக, எங்கள் மைதானத்தில் ஹோம் பிளேட் மேற்கில் இருக்கிறது. பேட்டர் கிழக்கு வடகிழக்காகப் பார்த்து நிற்பார். ஆனி முதல் ஆவணி வரை இந்தக் கரையில் அடிப்பது மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று. அதாவது பருவத் தொடக்கம் முழுவதும் காற்று பேட்டரின் முதுகுப்பக்கமிருந்து சென்டர் ஃபீல்டை நோக்கிப் போகும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் 200 கிராம்கூட எடையில்லாத பந்து எம்மாத்திரம்? உயரே எழும்பிய பந்து உள்களத்தில் நிற்பவரின் தலைக்கு மேலே வந்துவிட்டு, பின்னால் பின்னால் என்று நகர்ந்துகொண்டே போகும். ஆகவே வெளிக்களத்தில் நிற்கும் மூவரும் வழக்கத்தைவிடப் பின்னால் நிற்கிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. உயரே போன பந்தை யார் பிடிப்பது என்பதைக் குரல் கொடுத்துத்தான் முடிவுசெய்வார்கள். சென்டர் ஃபீல்டில் நிற்பவர் மேற்கு நோக்கிக் கத்த வேண்டும். காற்றோ அவர் முகத்தில் அடிக்கிறது. தொண்டை கிழியக் கத்தினாலும் ஷார்ட் ஸ்டாப்புக்குக் கேட்பதில்லை. இருவரும் முட்டிக்கொள்வதும், அல்லது இருவரும் நின்றுவிட நடுவில் பந்து பொத்தென்று விழுவதும் பயிற்சியிலேயே நடந்தன. இப்போது வைத்திருக்கும் ஏற்பாடு இது: வெளிக்களத்தில் நிற்பவர் எட்டக்கூடிய பந்து எதுவானாலும் அவருக்கே, அவர் கையை உயர்த்திக் காட்டுவார், உள்களத்தில் இருப்பவர் பின்னால் திரும்பிப் பார்த்து அந்தக் கையைக் கண்டதும் விலகிவிட வேண்டும். ரைட் ஃபீல்டில் நிற்பவருக்கு மட்டும் மாலை வெயில் நேரே கண்ணில் விழும். தொப்பியை இறக்கி, கிளவ்வைச் சூரியனுக்கு நேரே பிடித்து மறைத்துக்கொள்ளப் பழக்குகிறோம்.

பிட்சருக்கு இது எதிர்க்காற்று. பந்தின் வேகம் சற்றே குறையும். சுழற்றி வீசும் பந்து மட்டும் கூடுதலாக வளையும். ஐப்பசியில் காற்று திரும்பி வாடை அடிக்கத் தொடங்கினால் எல்லாம் தலைகீழாகும். ஆடியில் எல்லையைத் தொட்ட பந்து அப்போது கைக்குள் வந்து விழும்.

மைதானத்தின் உள்பகுதியில் சவுடு மண் அடித்திருக்கிறோம். அதற்கு அப்பால் மணல்தான், அதில் நெருஞ்சி முள்ளும் உண்டு. மணலில் உருளும் பந்து பாதி வழியில் நின்றுவிடும் என்பதால் வெளிக்களத்தில் நிற்பவர் பந்து வரட்டும் என்று காத்திருக்காமல் எதிர்கொண்டு ஓடிப் பழகுகிறார். இதுவே காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் தரையில் ஆடும்போது கெடுதலாகிவிடும்; அங்கே பந்து சீறிக்கொண்டு வரும், முன்னால் ஓடிவந்தவரைத் தாண்டிப் போனால் திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்று பேஸ் போய்விடும். அதற்காக வாரத்தில் சில நாள்கள் கூடைப்பந்து ஆடும் சிமெண்ட் தளத்தில் தரைப்பந்துப் பயிற்சி தருகிறோம்.

மூன்றாம் பேஸுக்கு அந்தப் பக்கம் வேலி இல்லை, சீமைக் கருவேலப் புதர்தான். எறிந்த பந்து அதற்குள் போய்விட்டால் ஆட்டம் நின்று, ஓட்டக்காரர்களுக்கு இரண்டு பேஸ் கொடுக்கப்படும் என்பதை ஆட்டம் தொடங்குமுன்னரே நடுவரும் இரு அணிகளும் பேசி வைத்துக்கொள்கிறோம். எல்லைக்கு வெளியே போகும் எறிக்கு இரண்டு பேஸ் என்பது பொதுவான விதிதான். புதரை எல்லையாக வைத்துக்கொள்வது மட்டுமே நம்முடைய சேர்க்கை.

மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்?

இந்த மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் கிடைக்கிறது. சவுடு நனைந்தால் சேறாகிவிடும், காயும்வரை யாரையும் ஓடவிட மாட்டோம். அதனால்தான் ஆவணி முடிவதற்குள் முடிந்தவரை நட்பு ஆட்டங்களை ஆடிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறோம். அருகில் மகளிர் சாஃப்ட்பால் அணிகள் அதிகம் இல்லாததால், நம் கல்லூரி மாணவர் அணியோடும் பழைய வீராங்கனைகளோடும் குறுகிய ஆட்டங்கள் ஆடி ஈடுகட்டுகிறோம்.

பெரிய வித்தியாசத்தில் தோற்றால் மாணவியர் மனம் உடைந்துவிடாதா?

ஒருசில ஆட்டங்கள் அப்படி முடியத்தான் போகின்றன. ஓர் ஆட்டம் 7 இன்னிங்ஸ். பன்னாட்டு விதிப்படி 5 இன்னிங்ஸ் முடிந்த நிலையில் ஓர் அணி 7 ரன்களோ அதற்கு மேலோ முன்னிலையில் இருந்தால் அங்கேயே ஆட்டம் முடிக்கப்படும். இதை அவமானமாகப் பேசும் வழக்கம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. தோற்ற ஆட்டத்திலும் சிவப்புப் புள்ளிகள் முந்தைய ஆட்டத்தைவிடக் குறைந்திருந்தால் அன்று பேச்சு அதைப் பற்றித்தான் இருக்கும். எதிரணி நன்றாக அடித்து எடுத்த ரன்களுக்காக யாரையும் கடிந்துகொள்வதில்லை. வீட்டிலும் அப்படியே நடந்துகொள்ளுமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

பெயரில் சாஃப்ட் இருக்கிறதே, பந்து மெத்தென்று இருக்குமா?

இருக்காது. 1887-இல் சிகாகோவில் ஓர் அரங்குக்குள்ளே தொடங்கிய காலத்தில் பந்து மென்மையாக இருந்தது. இப்போது ஆடும் பந்து கடினமானது. சுற்றளவு 12 அங்குலம், எடை 178 முதல் 198 கிராம் வரை. மகளிர் கிரிக்கெட் பந்து 140 முதல் 151 கிராம்தான். ஆகவே மட்டை பிடிப்பவரும் ஓடுபவரும் ஹெல்மெட் இல்லாமல் களத்துக்குள் போக அனுமதியில்லை; கேட்சருக்கு முகமூடி, தொண்டைக் காப்பு, மார்புக் கவசம், காலுக்கு முழுக் கவசம் உண்டு. மூன்றாம் பேஸில் நிற்பவர் பன்ட் அடியை எதிர்பார்த்து மிக அருகே வந்து நிற்க வேண்டியிருப்பதால், விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும் அவருக்கும் முகக்காப்பு தருகிறோம். முதல் பேஸில் வெள்ளையும் ஆரஞ்சும் சேர்ந்த இரட்டைப் பேஸ் வைத்திருப்பது, ஓடிவருபவரும் பந்தைப் பிடிப்பவரும் ஒரே இடத்தில் கால்வைத்து மோதிக்கொள்ளாமல் இருப்பதற்காக.

முழுக்கை உடையும் தலைத்துணியும் அணிந்து ஆடலாமா?

ஆடலாம். தரையில் சறுக்க வேண்டியிருப்பதால் எல்லா மாணவியரும் முழுநீளக் காற்சட்டையே அணிகிறார்கள். முழுக்கை உள்சட்டையும் தலைத்துணியும் அணியின் நிறத்திலேயே தரப்படும். தலைத்துணி ஹெல்மெட்டுக்குள் நகராமல் ஒட்டி இருக்க வேண்டும், ஊசி குத்தியிருக்கக் கூடாது என்பவை மட்டுமே நம் நிபந்தனைகள். வெளியூர் ஆட்டங்களில் தொடங்குமுன் நடுவரிடம் நாங்களே தெரிவித்துவிடுகிறோம்.

செலவும் போக்குவரத்தும் எப்படி?

மட்டை, பந்து, கிளவ், கவசங்கள் அனைத்தும் கல்லூரியுடையவை. மாணவி வாங்க வேண்டியது காலணி மட்டும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதையும், படகு கடலுக்குப் போய் நாலு காசு கைக்கு வர இன்னும் சில வாரங்கள் ஆகும் என்பதையும் அறிந்தே, காலணிக்கு ஆகஸ்டு வரை யாரையும் நெருக்குவதில்லை. அதுவரை பழைய வீராங்கனைகள் விட்டுச்சென்ற காலணிகளில் அளவு பார்த்து எடுத்துக்கொள்ளலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. தொலைவிலிருந்து புறநகர்ப் பேருந்தில் வருபவர்கள்தான் செலவுசெய்ய வேண்டியிருக்கிறது. அவர்களை மனத்தில் வைத்து மாலைப் பயிற்சியைக் கடைசிப் பேருந்துக்கு வெகுநேரம் முன்னரே முடித்துவிடுகிறோம்.

கிளவ் பற்றி ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் தோல் விறைத்துப் போகிறது என்று வீட்டுக்கு எடுத்துச் சென்று தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துக் கொண்டுவருகிறார்கள். அப்படிச் செய்தால் தோல் கனத்துத் தொங்கிவிடும். துணியில் சில துளிகள் எண்ணெய் தொட்டு, உள்ளங்கைப் பகுதியில் மட்டும் துடைத்தால் போதும். அதற்கு முன் வார்களுக்கிடையே புகுந்திருக்கும் மணலைத் தட்டிவிட வேண்டும். மணல்தான் வாரை அறுக்கிறது.

படிப்பு கெடுமா?

பருவத்தேர்வுக்கு முந்தைய வாரங்களில் பயிற்சி கிடையாது. அரியர் வைத்திருப்பவர் பயிற்சிக்கு வரலாம். வெளியூர் ஆட்டத்துக்கு அழைத்துச் செல்ல மாட்டோம்.

இப்போது புதிதாகச் சேர முடியுமா?

முடியும், குறிப்பாக இடக்கையால் எறிபவர்களும் கேட்சர் இடத்துக்கு அஞ்சாதவர்களும் வந்தால் மகிழ்வோம். காலை 6 மணிக்கு மைதானத்துக்கு வந்து உடற்கல்வி இயக்குநரைப் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் காலைப் பயிற்சி முடிந்துவிடும். தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

இதில் ஆடி எங்கே போய்ச் சேர முடியும்?

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நன்றாக ஆடுபவர்களிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்வு செய்யப்படும். அந்த அணி இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குச் செல்லும். அணி தோற்றாலும் தனிப்பட்ட மாணவி தேர்வாவதற்கு வாய்ப்பு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. நம் சென்டர் ஃபீல்டு மாணவி இவ்வாண்டு அந்த இடத்துக்குத் தகுதியானவர் என்று நினைக்கிறோம். அவர் காலும் கையும் இரண்டுமே நன்றாக இருக்கின்றன.

அதற்கு மேல் பார்ப்பவர்களுக்காக: மகளிர் சாஃப்ட்பால் 1996 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்தது, பிறகு நீக்கப்பட்டது, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் திரும்பி வந்தது, 2024 பாரிசில் இடம்பெறவில்லை, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மீண்டும் இடம்பெறுகிறது. 1996, 2000, 2004 தங்கங்கள் அமெரிக்காவுக்கும் பின்னர் வந்த இரண்டும் ஜப்பானுக்கும் போயின. முதலாம் ஆண்டு மாணவியரிடம் இதைச் சொன்னால், அந்த ஆட்டங்களைக் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, மறுநாள் பயிற்சியில் எல்லோரும் ஒரே வேகத்தில் வீச முயன்று பந்தைக் கருவேலப் புதருக்குள் அனுப்புகிறார்கள்.

ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் எங்கே உட்காரலாம்?

முதல் பேஸ் பக்கத்து வேப்பமர நிழலில் உட்காருவது நல்லது. ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் வலைக்கு அப்பால் நிற்கலாம். வலை இல்லாத பக்கம் குழந்தைகளை நிறுத்த வேண்டாம், மட்டையின் ஓரத்தில் பட்டுத் தெறிக்கும் பந்து அந்தப் பக்கந்தான் வரும். ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். எதிரணி பிட்சர் வீசும்போது கூச்சலிட்டுக் கலைக்க வேண்டாம். நம் பிட்சர் மூன்று பந்து வெளியே போட்டுவிட்டு நான்காவதை வீச நிற்கும்போதும் பெயர் சொல்லி அழைக்காமல் இருந்தால் உதவியாக இருக்கும்.